நேட்டிவ் என்னும் கட்டம்

மும்பையில் ‘நேட்டிவ்’ ஒரு தமிழ்ச் சொல். தாராவியில் இரண்டு தமிழர் முதன்முறையாகச் சந்தித்தால், பெயரைக் கேட்பதற்கு முன்பே “உங்களுக்கு நேட்டிவ் எது?” என்று கேட்டுக்கொள்வார்கள். மே மாதம் பெட்டியைக் கட்டுகிறவர்கள் நேட்டிவ்வுக்குப் போகிறார்கள். கல்யாணமும் நேட்டிவ்வில்தான், நிலத்தகராறும் நேட்டிவ்வில்தான். திருநெல்வேலி என்றோ தூத்துக்குடி என்றோ விடை வரும். பிறகு எந்தத் தாலுகா, எந்தத் தெரு என்று பேச்சு நகரும். அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு என்று எங்கள் தாராவிச் சந்தில் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். நான் ஆங்கில ஆசிரியை.

அந்த ஒரு சொல்லின் பொருட்டு, நான் பொய் சொன்னேன் என்று என் கையாலேயே ஒப்பமிட்டுத் தரச் சொன்னது ஒரு பன்னாட்டுப் பள்ளி. தந்தால் வேலை இருக்கும், வகுப்பு இருக்காது. தராவிட்டால் இரண்டும் இருக்காது. பத்து நாள் அவகாசம் கொடுத்தார்கள். அந்தப் பத்து நாளை இப்போது எழுதும்போதும் எனக்குச் சினம் தணியவில்லை. தணிய வேண்டும் என்ற விருப்பமும் இல்லை.

ஏழாம் வகுப்புவரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் நான். என் வயதுக்காரர்களில் பலர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். பேச்சில் பாதி இந்தி. நான் அப்படி ஆகக்கூடாது என்று பன்னிரண்டு வயதிலேயே முடிவு செய்தேன். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் எங்கெல்லாம் பேச்சுப் போட்டி நடந்ததோ அங்கெல்லாம் போய் நின்றேன். கல்லூரியில் அதே மேடையை ஆங்கிலத்திலும் பிடித்தேன். மேடை எனக்குக் கொடுத்த முதல் விதி இது: எதிரணி ஒரு சொல்லைத் தூக்கி வைத்தால், அதற்கு என்ன பொருள் என்று கேட்காமல் வாயைத் திறக்கக் கூடாது. பொருளை முதலில் நிலைநாட்டுகிறவர் பாதி வாதத்தை வென்றுவிட்டார். இந்த விதியால் நான் வாங்கிய கோப்பைகள் எங்கள் வீட்டு அரிசி டப்பாக்களுக்கு மேலே வரிசையாக நிற்கின்றன.

ஒரு முறை மாட்டுங்காவில் பள்ளி மாணவர் பேச்சுப் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்திருந்தேன். தாராவியிலிருந்து வந்த ஒரு பெண், பதின்மூன்று வயதிருக்கும், “எங்கள் நேட்டிவ்வில் மழை இல்லை” என்று தொடங்கினாள். பிறமொழிக் கலப்பு என்று எழுதி இரண்டு மதிப்பெண் குறைத்தேன். முடிந்ததும் அவள் நேரே என்னிடம் வந்தாள்.

“அக்கா, நேட்டிவ்னு சொல்லக்கூடாதா? வேற என்ன சொல்லணும்?”

“சொந்த ஊர் என்று சொல்ல வேண்டும்.”

“அது எனக்குச் சொந்த ஊர் இல்லியே. அப்பாக்குத்தான் சொந்தம். நான் ரெண்டே வாட்டி போயிருக்கேன்.”

பேச்சை அத்துடன் முடித்து, சான்றிதழை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் சொன்னதே சரியான வரையறை. நேட்டிவ் என்பது நாம் வாழாத ஊர். நம் பெயருக்கு எதிரே மற்றவர்கள் எழுதிக்கொள்ளும் ஊர்.

செம்பூரில் ஒரு பள்ளியில் மூன்றாண்டு ஆங்கிலம் கற்பித்தேன். பிறகு கம்போடியத் தலைநகரில் ஒரு பன்னாட்டுப் பள்ளிக்கு விண்ணப்பித்தேன். காணொளியில் இரண்டு சுற்று நேர்காணல், ஒரு மாதிரி வகுப்பு. எல்லாம் என் திறமைக்குத் தேர்வு என்றே நினைத்தேன். பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலமும் மேல்நிலை மாணவர்களுக்கு விவாதப் பயிற்சியும் எனக்கு என்று கடிதம் வந்தது. அம்மா மாட்டுங்காவில் மூன்று வீடுகளில் சமையல் செய்கிறாள். மூன்று வீட்டிலும் சொல்லிவிட்டாள்.

கிளம்புவதற்கு முன் ஒரு மாலை, சுனாபட்டி நிலையத்தில் வண்டிக்காக நின்றிருந்தபோது அந்தப் பள்ளி அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. படிவத்தில் சில கட்டங்கள் காலியாக உள்ளன, உடனே நிரப்ப வேண்டும் என்றாள் ஓர் எழுத்தர்ப் பெண். அந்நாட்டுக்காரி; என்னைப் போலவே ஆங்கிலத்தைப் படித்துக் கற்றவள். பிறந்த தேதி கேட்டாள். இரத்த வகை கேட்டாள். எதிர்த் தடத்தில் ஒரு வண்டி இரைச்சலோடு நுழைந்தது.

“நேட்டிவ்?” என்றாள்.

“திருநெல்வேலி” என்றேன்.

“எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்.”

ஆங்கிலத்தில் பதினோரு எழுத்து. வண்டியின் இரைச்சலுக்கு மேல் ஒவ்வோர் எழுத்தாக உரக்கச் சொன்னேன். அவள் நன்றி கூறி வைத்துவிட்டாள். சொல்லின் பொருளைக் கேட்காமல் வாய் திறக்காதவள் என்று பெருமை பேசிய நான், வாய் திறந்தது இப்படி.

அந்தக் கட்டத்தின் முழுப்பெயர் வேறு: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவரா, ஆம் அல்லது இல்லை. அந்தப் பெண் திருநெல்வேலியை இங்கிலாந்தின் ஏதோ ஒரு மாவட்டமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். ‘ஆம்’ என்று பதிந்துவிட்டாள். பணியில் சேர்ந்த முதல் நாள் பதினான்கு பக்கத்தை அச்சிட்டு நீட்டினார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒப்பமிட்டேன். படித்துப் பார்க்கவில்லை. இந்தத் தவறு என்னுடையது; இதை யார் மேலும் ஏற்றமாட்டேன்.

ஓராண்டு அங்கே இருந்தேன். நான்காம் மாடியில் ஓர் அறை, கீழே ஒரு பனிக்கட்டிக் காப்பிக் கடை, பள்ளிக்கு நடந்துபோகும் தூரம். பெற்றோர் சந்திப்பு நாளில் என் மேசைக்கு முன் வந்து நின்ற ஒரு தந்தை, “ஆசிரியர் எப்போது வருவார்?” என்று என்னிடமே கேட்டார். வந்துவிட்டார் என்று சொல்லி நாற்காலியைக் காட்டினேன். அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மாணவர்கள் வகுப்பில் எழுந்து நின்று, “ஐயா, நீங்கள் பயன்படுத்திய சொல்லுக்கு என்ன பொருள்?” என்று கணக்கு ஆசிரியரையே கேட்கும் நிலைக்கு வந்திருந்தார்கள். அவர் என்மேல் புகார் சொன்னார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அங்கே கிடைக்கவில்லை.

ஆண்டு முடிவில் பள்ளி ஒரு விளம்பர மடல் அச்சிட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர்கள் என்ற தலைப்பின் கீழ் பத்துப் படங்கள். ஒன்பதாவது என் படம். என் கண்ணிலும் அது பட்டது. விளம்பரக்காரர்களின் வழக்கமான மிகை என்று நினைத்து மடித்து வைத்துவிட்டு, விடுமுறைக்கு மும்பைக்கு விமானம் ஏறினேன். ஒரு பெற்றோர் அதை மடித்து வைக்கவில்லை; இவர் எப்படி ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்று பள்ளியிடம் கேட்டுவிட்டார்.

ஜூலை மழையில் எங்கள் சந்தில் கணுக்காலளவு தண்ணீர் நின்றபோது அந்தக் கடிதம் என் கைப்பேசிக்கு வந்தது. ‘பணியில் சேரும்போது என் தாய்மொழி பற்றித் தவறான தகவல் அளித்தேன் என்பதை ஒப்புக்கொண்டு வருந்துகிறேன்’ என்று என் பெயரில் அவர்களே எழுதி, கீழே ஒப்பத்துக்குக் கோடு போட்டிருந்தார்கள். ஒப்பமிட்டால் தொடக்க வகுப்பில் துணை ஆசிரியை. என் பத்தாம் வகுப்பை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். யார் என்றும் எழுதியிருந்தார்கள். எனக்குத் தெரிந்தவர்தான். ஓட்டல் நிர்வாகம் படித்தவர்; கற்பிக்கத் தொடங்கி நான்கு மாதம். ஒரு நாள் வகுப்பின் நடுவே வெளியே வந்து, செயப்பாட்டு வினை என்றால் என்ன என்று என்னிடம் மெல்லக் கேட்டுப் போனவர். அவருடைய நேட்டிவ் பொருத்தமான இடத்தில் இருந்தது.

அம்மாவிடம் படித்துக் காட்டி, தமிழில் விளக்கினேன்.

“இவ்வளவுதானா?” என்றாள். “நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். ஒரு கையெழுத்துதானட்டி. போட்டுட்டுப் போயேன்.”

“பொய் சொன்னேன்னு எழுதியிருக்கும்மா.”

“எழுதினா என்ன? நாம இந்த வீட்டுக்குக் கார்டு வாங்குததுக்கு எத்தன எடத்துல எத்தன கையெழுத்துப் போட்டுருக்கோம். படிச்சிப் பாத்தா போட்டோம்? அதுல என்ன எழுதியிருந்துச்சின்னு இன்னைக்குவரைக்கும் எனக்குத் தெரியாது. வீடு இருக்கா, இல்லியா?”

“அது வேற.”

“என்ன வேற? காலிபீலி, ஒண்ணுமில்லாததுக்கு அவியகூட எதுக்கு மல்லுக்கு நிக்கே? அங்க போயி சின்னப் பிள்ளேளுக்கு ஏ, பி, சி, டி சொல்லிக் குடு. அதும் ஃபாரின்தான.”

அப்பா தோல்பைப் பட்டறையிலிருந்து சாப்பிட வந்திருந்தார். தட்டிலிருந்து தலையை உயர்த்தாமல், “அவ மேடையில பேசுனவ. அவகிட்டப் போயி வாதாடுதியே” என்று அம்மாவிடம் சொன்னார். எனக்குச் சாதகமாகச் சொன்னாரா கேலியா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

எங்கள் வீட்டுக் கதவில், தாராவியை இடித்துக் கட்டப்போகும் மறுகட்டுமானக் கணக்கெடுப்புக்காரர்கள் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். எந்தக் காகிதத்தில் யார் என்ன எழுதுகிறார்களோ அதன்படிதான் இங்கே தங்குவதும் போவதும். காகிதத்தின் வலிமையை அம்மா அறிந்தவள். அறிந்துமா எனக்கு இப்படிச் சொல்கிறாள் என்பதே என் கோபம். அறிந்ததால்தான் சொல்கிறாள் என்பது அந்த வாரம் எனக்கு உறைக்கவில்லை.

என்னோடு பணியாற்றிய பிலிப்பைன்ஸ் நாட்டு ஆசிரியை ஒருவரை அழைத்தேன். எனக்கு எட்டாண்டு மூத்தவர், தொடக்க வகுப்பில் துணை ஆசிரியை. அறிவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர் ஏன் அங்கே இருக்கிறார் என்று நான் ஓராண்டாகக் கேட்டதே இல்லை.

“உனக்கும் அந்தக் கடிதமா?” என்றார். “எனக்கு மூன்றாண்டுக்கு முன்பு வந்தது. வேறு காரணம், அதே கோடு. ஒப்பமிட்டுவிட்டேன்.”

“பிறகு?”

“பிறகு ஒன்றுமில்லை. வேலை இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அறிவியல் வகுப்பு கேட்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் கோப்பைத் திறந்து அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்கிறார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள்.”

தலைமை ஆசிரியையிடம் பேச நேரம் கேட்டேன். ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்குக் கிடைத்தது. ஒரு மேடைக்குத் தயாராவதுபோல் தயாரானேன். மூன்று தாளில் எழுதினேன். நின்றுகொண்டு மூன்று முறை பேசிப் பார்த்தேன். ஏணி வைத்து ஏறும் எங்கள் மேல் அறையில் நேராக நிற்க முடியாது. குனிந்தபடியே பேசிப் பார்த்தேன்.

பதினொரு மணிக்கு அவர் முகம் மடிக்கணினித் திரையில் வந்தது. இங்கிலாந்திலிருந்து வந்தவர். கடுமையானவர் என்று சொல்ல முடியாது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் தொடங்கினேன். அந்தச் சொல் என் நகரத்தில் எந்தப் பொருளில் வழங்குகிறது என்று விளக்கினேன். திருநெல்வேலி என்று எழுத்துக்கூட்டிச் சொன்ன ஒருத்தி ஏமாற்ற முயன்றிருக்க முடியுமா என்று கேட்டேன். என் கடவுச்சீட்டு, என் பட்டங்கள், என் முகம் எல்லாம் முதல் நாளிலிருந்தே உங்கள் முன் இருந்தன. அப்படியிருக்க அந்தப் படத்தை மடலில் அச்சிட்டது யார் என்று கேட்டேன். பக்கத்துப் பட்டறையில் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. என் குரல் அவற்றை அடக்கியது. நான் நன்றாகப் பேசினேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அவர் முழுவதும் கேட்டார். பிறகு, “நீங்கள் சொல்வதில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை” என்றார்.

மேடையில் இதற்கு அடுத்தது மணியோசை, பிறகு தீர்ப்பு. நான் காத்திருந்தேன்.

“ஆனால் இது சரி, தவறு பற்றியது அன்று. பெற்றோருக்கு நாங்கள் ஒரு விளக்கம் தர வேண்டும். பள்ளி தவறு செய்தது என்று சொன்னால் பெரிதாகும். ஓர் ஆசிரியை தவறாக எழுதிவிட்டார் என்றால் அத்துடன் முடிந்துவிடும். உங்களை இழக்க எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் இந்த வழி.”

“ஒரே ஒரு வரியை மாற்றுங்கள். தவறான தகவல் அளித்தேன் என்பதை, தவறாகப் பதியப்பட்டது என்று. துணை ஆசிரியை வேலையைக்கூட ஏற்கிறேன்.”

இதை நான் சொன்னேன். என் பத்தாம் வகுப்பை நான் அந்த நொடியில் கைவிட்டேன். ஒரு வரிக்காக.

“பதியப்பட்டது என்றால் யார் பதிந்தது என்று கேட்பார்கள்” என்றார் அவர். செயப்பாட்டு வினை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அப்போது ஏணி அசைந்தது. கையில் தேநீரோடு அம்மாவின் தலை தரைப் பலகைக்கு மேலே வந்தது. கீழே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மொழி புரியாவிட்டாலும் தொனி புரிந்திருக்கும். நான் தடுப்பதற்குள் திரைக்கு முன் வந்துவிட்டாள்.

“நமஸ்தே மேடம்” என்றாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, “நோ டென்ஷன், மேடம். ஷி சைன். டுடே சைன்” என்றாள்.

தலைமை ஆசிரியையின் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன் கண்டதில்லை. “உங்கள் தாயாரா? எவ்வளவு அன்பானவர். அவர் சொல்வதைக் கேளுங்கள்” என்றார்.

அம்மா என் தோளில் கை வைத்திருந்தாள். வெள்ளைக்காரப் பெண்மணிக்கு முன் நல்லவளாக, பணிவானவளாக, மகளைத் திருத்திக் கொடுக்கிற தாயாக நின்றாள். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. தட்டிவிடவில்லை. அதைவிடக் கொடியதைச் செய்தேன்.

“என் தாய்க்கு ஆங்கிலம் தெரியாது” என்று திரையிடம் சொன்னேன். “அவர் சொன்னதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். நான் ஒப்பமிட மாட்டேன்.”

அம்மாவுக்கு முதல் வாக்கியம் புரிந்தது. தேநீரைத் தரையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். தலைமை ஆசிரியை வருத்தம் தெரிவித்தார், நல்வாழ்த்துக் கூறினார், திரை அணைந்தது.

இரண்டு நாள் அம்மா என்னிடம் பேசவில்லை. தண்ணீர் பிடிக்கும் நேரத்தில், குழாயடியில், பக்கத்து வீட்டுக்காரியிடம் எனக்குக் கேட்கும்படி பேசினாள்.

“பெரிய படிப்பு படிச்சிட்டாள்லா, நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவியகிட்டயே சொல்லுதா.”

“யாருகிட்ட?”

“கம்ப்யூட்டர்ல ஒரு அம்மாகிட்ட. நானும் ரெண்டு வார்த்த இங்கிலீசுல பேசத்தான் செஞ்சேன். அது இங்கிலீசு இல்லியாம்.”

“அப்போ அது என்ன, குஜராத்தியா?” என்றாள் அந்த அக்கா. குழாயடியே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைக் கடந்து உள்ளே போனாள்.

என் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயத்தை நிறுவுவதற்கு நான் எடுத்த கருவி எது? ஆங்கிலம் தெரிந்தவர் பேச்சு கணக்கில் வரும், தெரியாதவர் பேச்சு வராது. எந்த விதியை எதிர்த்து ஒன்பது நாள் வெகுண்டேனோ, அதே விதியை என் வீட்டில், என் தாய்மேல், ஒரே வாக்கியத்தில் நிறைவேற்றினேன். மூன்றாம் நாள் காலை மன்னிப்புக் கேட்டேன். “சரி, விடு” என்றாள். விடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவளே கேட்டாள்.

“தப்புன்னு கையெழுத்துப் போட்டா நீ தப்பு செஞ்சவளா ஆயிருவியா? எங்களுக்குத் தெரியாதா?”

“உங்களுக்குத் தெரியும்மா. ஆனா நான் எங்க வேலைக்குப் போனாலும் அந்தப் பேப்பர் எனக்கு முன்னாடி போயி நிக்கும்.”

அவள் சோற்றுப் பானையை அருகே இழுத்தாள். இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். நான் போதும் என்ற பிறகும்.

பள்ளி என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நான்கு வரிக் கடிதம், அதில் காரணம் ஏதும் இல்லை. என் அறையைக் காலி செய்துகொடுக்க அந்தப் பிலிப்பைன்ஸ் தோழிதான் போனார். காணொளியில் ஒவ்வொரு பொருளாகத் தூக்கிக் காட்டினார். குக்கரை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். புத்தகங்களை மாணவர்களுக்குக் கொடுக்கச் சொன்னேன். “முட்டாள்தனம் செய்தாய்” என்று சொல்லிக்கொண்டே பெட்டியை ஒட்டினார். சற்றுப் பொறுத்து, “நான் அன்றைக்கு என் தாளைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை” என்றார். அவர் முகம் திரையில் இல்லை; பெட்டியும் கையும் மட்டும் தெரிந்தன.

சென்ற வாரம் செம்பூரில் ஒரு பள்ளிக்கு நேர்காணலுக்குப் போனேன். வெளிநாட்டு வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி நான்கு வாக்கியத்தில் சொன்னேன். கேள்வி கேட்ட மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “அடுத்த எடத்துலயாவது அப்பாக்கு ஒடம்பு சரியில்ல, அதான் வந்துட்டேன்னு சொல்லு. யாரு வந்து பாக்கப் போறா?”

“நல்லா இருக்கிற மனுசன எதுக்குட்டி ஆஸ்பத்திரியில சேக்கே?” என்றார் அப்பா.

அம்மாவுக்கு அதற்கும் சிரிப்பு வரவில்லை. “சொல்லுவியா, மாட்டியா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். மாட்டேன் என்றேன். அடுத்த நேர்காணல் வியாழக்கிழமை, காட்கோபரில். அவள் என் வெள்ளைச் சுடிதாரை எடுத்துப்போய் இஸ்திரி போடத் தொடங்கினாள்.